கேட்டால்தானே சொல்வது?

சென்ற ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் நண்பர் ஒருவர் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, "கிளம்புங்க, ஒரு வண்டி பார்க்கப் போகோணும்" என்றார்.

அவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். கம்பெனி என்றதும் வாசகர்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் இருபத்திரண்டு தையல் மெஷின்கள். ஏற்றுமதிக்காரர் ஒருவர் வெட்டி அனுப்பும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுப்பது தொழில். ஊத்துக்குளிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள்தாம் அந்தக் கொட்டகையின் ஜீவன். டவுன் பஸ்ஸை நம்பி அவர்கள் வந்து சேர்வதற்குள் ஒன்பதே கால் ஆகிவிடுகிறது. பக்கத்துக் கம்பெனிக்காரன் வேன் அனுப்புகிறான் என்றால் அடுத்த மாதமே அந்த வேனில் ஏறிவிடுகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகவே இவரும் ஒரு வேன் வாங்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தார். புதியது வாங்க வழியில்லை. பழையது ஒன்று பல்லடம் ரோட்டுப் பக்கம் விலைக்கு இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தாராம்.

"வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"வண்டியைப் பாய் பார்த்துக்குவாருங்க. நீங்க ஆளைப் பாருங்க. கதை எழுதறவருக்கு மனுசனைப் பார்த்தாத் தெரியாதுங்களா?"

இருபது வருஷமாக மனிதர்களைப் பற்றியே எழுதி வருகிறேன். இருந்தும் நான் வீடு கட்டியபோது, மணல் அடித்தவரிலிருந்து ஜன்னல் கம்பி விற்றவர்வரை ஒருவர் விடாமல் என்னை ஏமாற்றினார்கள். இதை நண்பரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் புகழ்ச்சிக்கு மயங்காத எழுத்தாளன் எங்கே இருக்கிறான்? சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வண்டிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். அவரும் ஒரு காலத்தில் நாற்பது மெஷின் போட்டுக் கம்பெனி நடத்தியவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன் மூடிவிட்டார். மெஷின்களெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மிச்சம் இருந்தது இந்த வேன். வேப்பமரத்தடியில் புதுப் பெயின்ட் பளபளக்க நின்றது. டீ வந்தது. முதல் டம்ளரை எடுத்து, மெக்கானிக் பாயோடு வந்திருந்த எடுபிடிப் பையனிடம் கொடுத்தார், பிறகுதான் எங்களுக்கு. நல்ல மனுஷன் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பை நான் இன்றுவரை அடிக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருக்கிறது.

பிளாஸ்டிக் உறையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஆர்.சி. புத்தகம், இன்ஷூரன்ஸ், பெர்மிட், வரி கட்டிய ரசீது, புகைச் சான்று. 2011-இல் பதிவான வண்டி. மூன்று கை மாறியிருந்தது. எப்.சி. புத்தம் புதிது, போன மாதம் வாங்கியது, அடுத்த ஆனிவரை செல்லும்.

எப்.சி. என்று தமிழ்நாடு முழுவதும் சொல்கிறோமே, அது வண்டியின் தகுதிச் சான்று. வாடகைக்கோ, சரக்குக்கோ, கம்பெனி ஆட்களை ஏற்றவோ ஓடுகிற வண்டிக்கு அந்தச் சான்று இல்லையென்றால், அதைப் பதிவான வண்டியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு. எட்டு வயது தாண்டிய வண்டி வருஷத்துக்கு ஒரு முறை, ஜனங்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று அழைக்கிற அதிகாரியின் முன்னால் போய் நிற்க வேண்டும். விளக்கு, கண்ணாடி, ஹாரன், வைப்பர், சைலன்ஸர், பிரேக், ஸ்டியரிங் என்று அவர் பார்க்க வேண்டியவற்றுக்கு விதிகளில் ஒரு பட்டியலே இருக்கிறது. பதினான்கு வயதான இந்த வேன் பத்துத் தடவையாவது அப்படி நின்றிருக்கும். நடுவில் கொரோனாக் காலம் வேறு. 2020 பிப்ரவரியிலிருந்து காலாவதியான சான்றுகள், 2021 அக்டோபர் முடிகிறவரை செல்லும் என்று சர்க்காரே பல தவணையாக நீட்டித்தது. அந்த ஒன்றே முக்கால் வருஷம் பல வண்டிகள் யார் கண்ணிலும் படாமலே ஓடின.

நண்பர் கைப்பேசியில் பரிவாகன் செயலியைத் திறந்து வண்டியின் எண்ணைத் தட்டினார். எல்லாம் காகிதத்தோடு ஒத்திருந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கோ ஒரு சின்ன உறுத்தல். அந்தச் செயலி சொல்வது வண்டியின் இன்றைய நிலையை. அந்தப் பத்துத் தடவையில் எத்தனை தடவை வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள், எதைச் சரிசெய்து கொண்டுவரச் சொன்னார்கள் என்பதெல்லாம் வெளியே நிற்கிற நமக்குத் தெரிய வழியில்லை. தேறிய பரீட்சையின் மார்க்குப் பட்டியல் கையில் இருக்கிறது. தவறிய பரீட்சையைப் பற்றி மூச்சில்லை. கல்லூரியை முழுதாக முடிக்காமல் வெளியே வந்தவன் என்ற முறையில், அந்த ஏற்பாட்டைப் பற்றி ரொம்பவும் கடுமையாகப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது.

பாய் காகிதங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்கை விரித்து, டார்ச்சும் திருப்புளியுமாக வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவருடைய இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. திருப்புளியின் பிடியால் இரும்பைத் தட்டிக்கொண்டே நகர்ந்தார். டங், டங் என்று போய்க்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் டொக் என்றது. மறுபடி அதே இடத்தில் தட்டினார். பிறகு சுரண்டுகிற சத்தம் கேட்டது. வண்டிக்காரர் என் டம்ளரில் டீ தீர்ந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்.

பாய் எங்களைக் குனியச் சொல்லிக் காட்டினார். பின் சக்கரத்துக்கு முன்னால் சேஸிஸ் ஒரு பக்கம் முறிந்து போய், இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்திருந்தது. அதன்மேல் பட்டி பூசிக் கறுப்புப் பெயின்ட். பற்றவைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளித் துரு தின்றிருந்தது. திருப்புளியின் நுனி உள்ளே இறங்கியது.

"இது எப்ப அடிபட்டதுங்க?" என்று பாய் கேட்டார்.

வண்டிக்காரர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "எனக்கு முந்தி வெச்சிருந்தவரு காலத்துலீங்க. லாரிக்காரன் பின்னாடி இடிச்சுப்போட்டான். வாங்கினப்பறந்தான் எனக்கே தெரியும்."

"முன்னாடியே சொல்லலீங்களே?" என்றார் நண்பர்.

"நீங்க கேக்கலீங்களே! கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்க. பொய் சொல்ற பழக்கம் நமக்குக் கிடையாது."

அவர் சொன்னது வாஸ்தவம். கேட்டதும் சொல்லிவிட்டாரே! எங்கள் கண்ணை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். அந்த முகத்தில் களவு இல்லை. கேட்காததைச் சொல்லும் கடமை தமக்கு இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பியும் அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. விற்பவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதுமா? கேட்காததையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

வக்கீல் நண்பர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து 17-ஆவது பிரிவைக் காட்டினார். நூற்றைம்பது வருஷம் தாண்டியும் நாம் கட்டுப்பட்டிருக்கிற சட்டம் அது. மோசடி என்பது எது என்று விளக்குகிற அந்த இடத்தில் ஒரு குதிரை வருகிறது. ஒருவன் தன் குதிரையை ஏலத்தில் விற்கிறான். குதிரைக்குக் கோளாறு இருப்பது அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது. அதே குதிரையை, அப்போதுதான் மேஜரான தன் மகளுக்கு விற்கிறான் என்றால் சொல்லியாக வேண்டும். உறவு அந்தக் கடமையைக் கொடுக்கிறது. இன்னொரு வகை: வாங்குகிறவன், "நீ மறுக்கவில்லையானால் குதிரை நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வேன்" என்கிறான், விற்பவன் பேசாமல் நிற்கிறான். அப்போது அந்த மௌனமே பேச்சாகிவிடுகிறது.

சட்டம் எழுதியவர்கள் மனித சுபாவத்தை நன்றாகப் பார்த்தவர்கள். அவர்களுடைய குதிரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் வண்டிக்காரரை அதில் ஏற்றிப் பார்த்தேன். நாங்கள் அவருக்கு மகளும் இல்லை. 'நீங்கள் மறுக்காவிட்டால்' என்று கேட்கவும் இல்லை. சட்டம் அவரை விட்டுவிடும். பெயின்ட் ஒன்றுதான் இடிக்கிறது. தெரிந்த ஒன்றைச் செயலால் மறைத்தால் மோசடி என்று அதே பிரிவு முதலிலேயே சொல்லிவிடுகிறது. ஆனால் அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. எப்.சி.க்குப் போகிற வண்டிக்கு எல்லாரும்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். அவர் எங்களுக்காக அடிக்கவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டருக்காக அடித்தார். சிலர் அந்த ஒரு நாளைக்கு டயரே இரவல் வாங்கி மாட்டிப் போவதுண்டு என்று பாய் சொன்னார். இரவல் நகை போட்டுப் பெண் பார்க்கக் காட்டுவது மாதிரி.

என் அப்பாரு மாடு விற்றவர். காங்கயத்துக்குப் பக்கத்தில் கண்ணபுரத்தில், சித்திரையில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடுகிற மாட்டுச் சந்தைக்கு என்னையும் இரண்டொரு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாடு வாங்குவது அங்கே ஒரு சாஸ்திரம். வாயைப் பிளந்து பல் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், வாலை முறுக்கி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. இத்தனை சோதனைக்கும் மாடு ஈடு கொடுத்துவிட்டால், விற்றவன் தன்பாட்டுக்கு ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு போகலாம். சோதித்தாயிற்று, தேறியாயிற்று. அதுவும் ஒரு எப்.சி.தான்.

அப்பாரு மட்டும் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்வார். விலை படிந்த பிறகு, கயிறு கை மாறுவதற்கு முன்னால், மாட்டின் குற்றத்தைச் சொல்லிவிடுவார். ஒரு தடவை நல்ல மயிலைக் காளை. விரல் பேச்சு முடிந்துவிட்டது. வாங்கியவன் பணத்தை எண்ணப்போகிற சமயத்தில், "இது முட்டும்" என்றார். "ஆம்பளைகிட்ட அடங்கி இருக்கும். தீனி வைக்கக் கிட்டப் போற பொம்பளையை முட்டும். எங்கூட்டுல ரெண்டு தடவை ஆயிப்போச்சு." வாங்க வந்தவன் திகைத்துவிட்டான். பிறகு விலையைக் குறைத்துக் கேட்டான். அப்பாரு குறைத்தார். திரும்பி வரும்போது வண்டியில் எங்கள் மாமா அவரைப் பிடித்துக்கொண்டார். "அவன் கேட்டானா? கேட்டாச் சொல்லலாம். சந்தைக்கு வர்றவன் கண்ணைத் தொறந்துக்கிட்டு வரோணும்." அப்பாரு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வர்றவன் கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் வந்தான். தீனி வைக்கிறவ சந்தைக்கு வரலியே" என்றார்.

எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்தோ. அந்தப் பேச்சின் அர்த்தம் அப்போது தெரியவில்லை. இன்னும் உண்மையைச் சொல்லப்போனால், தெரிய வேண்டிய வயதிலும் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் நான் என் பழைய ஸ்கூட்டரை விற்றேன். ஒருதரம் மாடு குறுக்கே வந்து விழுந்ததில் முன் ஃபோர்க் வளைந்து, நிமிர்த்தியிருந்தது. வேகமாகப் போனால் கைப்பிடி நடுங்கும். வாங்க வந்தவன் செக்கிங் வேலை பார்க்கிற இருபது வயதுப் பையன். தெருவில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "நல்லா இருக்குதுங்கண்ணா" என்றான். தெருவில் ஒரு சுற்றில் எப்படி வேகம் வரும்? எனக்குத் தெரியும். நான் பேசவில்லை. அவன் கேட்கவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, கூட வந்திருந்த தங்கையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனான். அந்தப் பெண் ஒரு கையால் தாவணியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆகவே வண்டிக்காரரை மேடையிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் அந்தக் குதிரைச் சட்டத்தில் எங்கே இடறுகிறது என்பது தெரிகிறது. அதில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள், விற்பவனும் வாங்குகிறவனும். இரண்டு பேரும் சமம். இரண்டு பேருக்கும் வாய் இருக்கிறது. குதிரை இடறினால் விழப்போகிறவன் வாங்கினவன்தான். ஆகவே அவன்தான் கேட்டிருக்க வேண்டும் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேன் அப்படியில்லை. அதை வாங்குகிற என் நண்பர் அதில் ஏறப்போவதே இல்லை. அவருக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது. அதில் ஏறப்போகிறவர்கள், காலை ஆறே முக்காலுக்கு ஊர் முக்கில் சோற்றுப் பையோடு நிற்கிற பதினெட்டுப் பெண்கள். ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார்களோ! அவர்கள் வேப்பமரத்தடிக்கு வரவில்லை. அவர்களில் ஒருத்தி டிரைவரிடம் எப்.சி. காட்டச் சொன்னாள் என்று கேள்விப்பட்டால் எங்கள் ஊரே சிரிக்கும். 'கேட்கவில்லையே' என்ற பதிலை, கேட்கக்கூடிய இடத்தில் இருந்தவனிடம் சொல்லலாம். இவர்களிடம் எப்படிச் சொல்வது?

இரண்டு பேர் சம்மதித்து நடக்கிற வியாபாரத்தில் மூன்றாவது ஆள் அடிபடுவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. துணி விற்றவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி. சாயத் தண்ணீர் நொய்யலில் போயிற்று. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத்துக்குப் பதில் அந்தத் தண்ணீர்தான் தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் எந்த விலைப் பேச்சிலும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகுதான், அப்படி ஒரு மூன்றாவது ஆள் இருப்பது எல்லாருக்கும் உறைத்தது. அந்த வேன் பதிவான வருஷமும் அதுதான். இரண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. என் மனம் இப்படித்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது ஆளை நினைத்துப் பார்க்கவே எங்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. என் நண்பரின் கொட்டகையில் ஒரு நோட்டு இருக்கிறது. தையல் ஓடும்போது ஊசி முறிந்தால், முறிந்த துண்டுகள் அத்தனையும் தேடி எடுத்து அந்த நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். பக்கத்தில் தேதி, நேரம், மெஷின் எண், தைத்த பெண்ணின் பெயர். ஒரு துண்டு கிடைக்காவிட்டால், அந்த மெஷினைச் சுற்றி இருக்கிற துணியையெல்லாம் ஒதுக்கிவைத்து, ஊசி கண்டுபிடிக்கும் கருவியில் விட்டுப் பார்க்கிறவரை மேலே அனுப்பக் கூடாது. எதற்கு இந்தப் பாடு? கடல் கடந்து எங்கோ ஒரு குழந்தை அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ளும்போது உடம்பில் குத்திவிடக் கூடாது. அந்தக் குழந்தையை இங்கே யாரும் பார்த்ததில்லை. அதுவும் எதையும் கேட்கவில்லை. ஆனாலும் அதற்காக இருபத்திரண்டு மெஷின் கொட்டகையில் ஒரு நோட்டு திறந்தே இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் நாலு வருஷத்தில் முறிந்த ஊசி அத்தனையும் பல்லைக் காட்டுகின்றன. 'ஊசியே முறியவில்லை' என்று வெள்ளைத் தாளாக ஒரு நோட்டைக் காட்டினால், ஆடிட்டுக்கு வருகிறவர் நம்பமாட்டாராம். "முறிஞ்சது இருந்தாத்தானுங்க நோட்டு நெசம்பாங்க" என்று நண்பரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த நோட்டில் பெயர் இருக்கிற பெண்தான் சாயங்காலம் வேனில் ஏறுகிறாள். அவள் ஏறுகிற வேனின் முறிவுக்கு நோட்டு கிடையாது.

இதை நண்பரிடம் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் கெட்டிக்காரர், உடனே வேறு பக்கம் திருப்பினார். "நோட்டுப் போடச் சொன்னது பையர் தானுங்க. நாமளா போட்டோம்?" அதுவும் சரிதான். நானும் நம்மைவிட வெள்ளைக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 1960-இல் பழைய மோட்டார் வண்டிகளுக்குக் கட்டாயச் சோதனை கொண்டுவந்தார்கள். முதலில் பத்து வயதான வண்டிகளுக்கு. பிற்பாடு மூன்று வயதிலிருந்தே. இன்று அங்கே ஒரு வண்டியின் எண் தெரிந்தால் போதும். காசு செலவில்லாமல் யாரும் அதன் சோதனைச் சரித்திரத்தைப் படிக்கலாம். எந்த நாளில் தேறியது, எந்த நாளில் தேறவில்லை, என்ன காரணம், அன்று எத்தனை மைல் ஓடியிருந்தது, தேறிய நாளிலும் 'இந்தப் பாகம் அரித்து வருகிறது, கவனிக்கவும்' என்று சோதித்தவர் எழுதிய குறிப்பு உட்பட எல்லாம் இருக்கும். அங்கே விற்பவன் வாய் திறக்காவிட்டாலும் வண்டி பேசிவிடுகிறது. மனுஷனை நம்ப முடியாது என்று தெரிந்துகொண்டவர்கள் செய்த ஏற்பாடு அது. நம் ஊரிலும் பத்துத் தடவை சோதித்தவர்களிடம் பத்துச் சோதனையின் விவரமும் இருந்திருக்கும். அது வெளியே வந்தால் யார் குடி முழுகிவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

வண்டிக்காரர் குடி முழுகிவிடும் என்பார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களை வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அவர் தாழ்ந்த குரலில் சொன்னது இது: "எனக்குச் சொல்லாமத்தானுங்க வித்தாங்க. நாலு வருசம் இதுலதான் ஆளுகளை ஏத்தி எறக்கினேன். சாமி புண்ணியத்துல ஒண்ணும் ஆகலை. இப்ப நான் மட்டும் சொல்லி, இரும்பு வெலைக்குக் கொடுக்கோணுங்களா? கம்பெனியில இருந்த பொண்ணுகளுக்கே இன்னும் பாக்கி இருக்குது. இந்தப் பணம் வந்தாக் கொடுத்துப்போடுவேன்."

இதற்கு நான் பதில் சொல்லவில்லை. சுலபமான பதில் கிடையாது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார் வியாபாரத்தை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அதுதான் அஸ்திவாரம். எது நல்ல வண்டி, எது சொத்தை என்று வாங்குகிறவனுக்குத் தெரியாத சந்தையில், அவன் எல்லா வண்டியையும் பாதிச் சொத்தை என்று கணக்குப் போட்டுத்தான் விலை கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான், ஒதுங்கிவிடுவான். மிஞ்சுவது சொத்தைதான் என்று போகிறது வாதம். எங்கள் வண்டிக்காரர் எந்தக் கட்டுரையையும் படிக்காமலே அதைத்தான் சொன்னார். எல்லாரும் பேசாமல் விற்கிற சந்தையில் பேசுகிறவன் ஒருவனே நஷ்டப்படுகிறான். அதோடு, நஷ்டம் அவரோடு நிற்காது. பாக்கி வர வேண்டிய பெண்களும் இருக்கிறார்கள். ஒரு வேன் நிறையப் பெண்களுக்கு நல்லது செய்தால் இன்னொரு கம்பெனிப் பெண்களுக்குக் கூலி போகிறது. அப்பாருவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாட்டில் விட்ட பணத்தை அந்த வருஷம் கடலைக்காயில் எடுத்துவிட்டார்.

இருந்தாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 'எனக்குச் சொல்லாமல் விற்றார்கள்' என்று அவர் சொன்னபோது அவர் குரலில் கோபம் இருந்தது. நாலு வருஷத்துக்கு அப்புறமும் ஆறாத கோபம். அது நியாயமான கோபம் என்றால், அவருக்கு முந்தியவர் சொல்லியிருக்க வேண்டும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொள்ளாவிட்டால் கோபத்துக்கு இடமில்லை. இந்த ஸ்கூட்டர் விற்ற கை எழுதுகிறபோது இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. நாங்கள் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். பாய்க்கு ஐநூறு ரூபாயும் பிரியாணியும். வரும் வழியெல்லாம் நண்பர், "தப்பிச்சோமுங்க, தப்பிச்சோமுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் தலையாட்டினேன். தப்பித்தது யார் என்ற கேள்வி எங்களுக்கு அப்போது எழவே இல்லை. அவர் மோட்டார் சைக்கிளில்தான் போகிறார். நான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களில் இடுப்பு முறியக்கூடிய ஆள் யாருமில்லை. வண்டி வேப்பமரத்தடியிலேயே நின்றது, அடுத்து வருகிறவருக்காக. பற்றவைத்த இடம் வண்டிக்காரரைத் தவிர இன்னும் நாலு பேருக்குத் தெரியும் என்பதுதான் வித்தியாசம். பாய், பையன், நண்பர், நான். எங்களையும் யாரும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் அந்த வேனைப் பார்த்தேன். பதிவு எண் மனப்பாடமாகியிருந்தது. ஜன்னல் முழுக்கப் பெண்கள். ஒருத்தி கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டிரைவர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். அவனிடம் போய், "தம்பி, இந்த வண்டிக்கு அடியில் சேஸிஸ் பற்றவைத்திருக்கிறது, தெரியுமா?" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "எப்.சி. இருக்குதுங்க, அடுத்த ஆனி வரைக்கும்" என்றான். எதிரே நிற்பவர் ஆர்.டி.ஓ. ஆபீஸ்காரரோ என்று பயந்திருக்க வேண்டும். முதலாளியின் நம்பரைக் கேட்டேன். வண்டியின் பக்கவாட்டிலேயே எழுதியிருந்தது.

அன்று மத்தியானம் அந்த நம்பரைக் கூப்பிட்டேன். யாரோ ஒரு அந்நியன், அதுவும் கதை எழுதுகிறவன், சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தயக்கம்தான். மரியாதையான மனுஷர். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். எந்தப் பக்கம், எந்தச் சக்கரத்துக்கு முன்னால் என்று விசாரித்துக்கொண்டார். தீபாவளி ஆர்டர் முடிந்ததும் வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுவதாகச் சொன்னார். "அதுவரைக்கும்?" என்றேன். "பார்த்து ஓட்டச் சொல்றனுங்க" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேச்சில்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க," என்றார். "நீங்க எவ்வளவுக்குக் கேட்டீங்க?"

"மூன்று லட்சத்துப் பத்தாயிரம்."

"அப்ப நான் பதினஞ்சாயிரம் சேர்த்துக் கொடுத்துப்போட்டனுங்களா?" என்றார்.